"மிதிக்காமல் இருந்தால் போயிற்று": ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்குப் பயிற்சிக்கு வந்த இளைஞர் ஒருவர் தன் காரைக் காட்ட என்னை அழைத்துப் போனார். எட்டு சிலிண்டர், நானூறு குதிரைத்திறன். கைமாறிய கார், வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் அவர் ஓட்டியது ஒரு சிறிய ஹேட்ச்பேக். "பவர் அதிகமாக இருந்தால் என்ன அண்ணா? வேண்டாத நேரத்தில் மிதிக்காமல் இருந்தால் போயிற்று" என்றார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே வாக்கியத்தை நான் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அதன் விலை எனக்குத் தெரியும். வளைவில் சட்டென்று திரும்பும் லேசான கார் வாங்குவதா, நேர்பாதையில் பாயும் பலமான கார் வாங்குவதா என்ற கேள்வியோடு வருபவர்கள் ஒவ்வொரு பருவமும் அதே குழியில் விழுவதைப் பார்க்கிறேன். கடன் வட்டி, சர்வீஸ் புத்தகம் போன்றவற்றை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

குதிரைத்திறனை எடையால் வகுத்துவிட்டு நிம்மதி அடைவது

கொஞ்சம் படித்துவிட்டு வருபவர்கள் செய்யும் தவறு இது. ஒரு கணக்கைப் பாருங்கள். 2016-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடிக்கு ஏறத்தாழ 400 குதிரைத்திறன், 1,750 கிலோ எடை. போர்ஷே 718 கேமனின் அடிப்படை மாடலுக்கு 300 குதிரைத்திறன், சுமார் 1,350 கிலோ எடை. டன்னுக்கு எவ்வளவு என்று வகுத்தால் முதலாவதற்கு 229, இரண்டாவதற்கு 222. காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான்.

வளைவுக்குள் நுழைந்தால் அந்தச் சமம் குலைந்துவிடுகிறது. கனமான கார் ஒவ்வொரு திருப்பத்திலும் கூடுதலாக ஐந்தாறு ஆட்களைச் சுமந்துகொண்டு திரும்புகிறது. டயரின் மேல் சுமை ஏற ஏற அதன் பிடிமானமும் ஏறும் என்பது உண்மை. ஆனால் அதே விகிதத்தில் ஏறாது. சுமை இரட்டித்தால் பிடிமானம் இரட்டிப்பதில்லை. எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கேமனில் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருக்கிறது. மஸ்டாங்கில் முன்னால் இருக்கிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள், பிறகு நீட்டிய கைகளில் பிடித்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள். எந்தக் கணக்குப் பட்டியலும் இந்த வித்தியாசத்தை உங்களுக்குச் சொல்லாது.

சோதனை ஓட்டத்தை நேர்சாலையில் முடிப்பது

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பத்து நிமிடம் ஓட்டினால் பலம் மட்டும்தான் தெரியும். முதுகு இருக்கையோடு ஒட்டும். அதோடு மனம் முடிவெடுத்துவிடும். சுறுசுறுப்பு இப்படிச் சீக்கிரம் வெளியே வராது. ஒரே ரவுண்டானாவை மூன்று முறை சுற்றுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அகலம் திருப்பினால் மூக்கு உடனே வருகிறதா, யோசித்துவிட்டு வருகிறதா என்று கவனியுங்கள். குண்டும் குழியுமான ஒரு தெருவில் பிரேக் பிடித்துப் பாருங்கள். இவை அத்தனைக்கும் நாற்பது கிலோமீட்டர் வேகம் போதும்.

இல்லாத திறமையைப் பலத்தால் ஈடுகட்டுவது

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் என்னைக் கோபப்படுத்தும் தவறு இது.

ஊரில் இருந்த மனையில் என் பங்கை விற்றுக் கிடைத்த பணத்தில் பெரிய எஞ்சின் கார் ஒன்றை வாங்கினேன். அதுவரை நூறு குதிரைத்திறன்கூட இல்லாத, ஒரு டன் எடையுள்ள ஹேட்ச்பேக்கில் இரண்டு ஆண்டுகள் தடத்தில் பழகியிருந்தேன். புதிய கார் வந்த முதல் நாளே என் சுற்று நேரம் ஆறு நொடி குறைந்தது. என் கை தேறிவிட்டது என்று நம்பினேன். நண்பர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஓராண்டு கழித்து, அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவர் என் இரண்டு கார்களிலும் பதிவான ஜிபிஎஸ் வேகக் கோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். பழைய காரில் 78 கிலோமீட்டரில் கடந்த வளைவை, புதிய காரில் 71-இல் கடந்திருந்தேன். ஏறக்குறைய எல்லா வளைவுகளிலும் அதே கதைதான். முன்கூட்டியே பிரேக் பிடிப்பது, நடுவில் காத்திருப்பது, கார் நேரானதும் ஆக்சிலரேட்டரை மிதிப்பது: இவ்வளவுதான் நான் செய்துகொண்டிருந்தது. அந்த ஆறு நொடியும் எஞ்சின் சம்பாதித்தது. என் ஓட்டுதல் பின்னோக்கிப் போயிருந்தது, அதை எனக்குச் சொல்ல காரிடம் எந்த வழியும் இல்லை.

இதன் காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பலம் குறைந்த காரில் வளைவில் ஐந்து கிலோமீட்டர் வேகத்தை இழந்தால், அடுத்த நேர்பாதை முழுவதும் அந்த இழப்பு கூடவே வரும். கடிகாரம் அதை மறைக்காது. அதனால் எங்கே பிரேக்கை விடுவது, எங்கே கண்ணை வைப்பது என்று நீங்களே தேட ஆரம்பிப்பீர்கள். பலமான காரில் அந்த இழப்பை வலது கால் இரண்டு நொடியில் அடைத்துவிடும். தவறும் நடக்கும், தண்டனையும் இருக்காது. 1989-இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 வெறும் 1.6 லிட்டர் எஞ்சினும் ஒரு டன்னுக்குக் குறைவான எடையும் கொண்டது. அந்த வரிசை 2016-இல் பத்து லட்சம் கார்களைத் தொட்டது. அது இந்தியாவில் ஷோரூமுக்கு வந்ததே இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். ஓட்டக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல கார் எனக்குத் தெரியவில்லை.

இனி, "மிதிக்காமல் இருந்தால் போயிற்று" என்ற பேச்சுக்கு வருகிறேன். மிதிக்காவிட்டாலும் எடை இறங்காது. அகலம் குறையாது. பெரிய டயரின் விலை குறையாது. நேர்பாதையின் முடிவில் எல்லோரும் மிதிக்கத்தான் செய்வார்கள். மிதித்த பிறகு அந்த வேகத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டும். ஒரு டன் கார் 160 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு வருவதற்கும், 1,750 கிலோ கார் 200-லிருந்து 80-க்கு வருவதற்கும் கணக்குப் போடுங்கள். இரண்டாவது காரின் பிரேக்குகள் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தை விழுங்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும்.

இந்தக் கணக்கை நான் போடவில்லை. கையில் இருந்த பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிட்டதால், பிரேக் பேட்களை அடுத்த மாதம் மாற்றலாம் என்று தள்ளிப்போட்டேன். பிரேக் ஆயில் எத்தனை ஆண்டுப் பழையது என்று கேட்கவும் இல்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அழுத்தத்தைக் கடத்தாது.

ஏப்ரல் மாத வெயிலில், ஐந்தாவது சுற்றில், என் காலுக்குக் கீழே பெடல் தரைவரை போனது. கியரைக் குறைத்துக் குறைத்து, புல்லில் இறங்கி, தடுப்பில் பக்கவாட்டில் மோதி நின்றேன். எனக்கு அடி இல்லை. வண்டிக்குள் உட்கார்ந்தபடி கைகள் நடுங்குவது நிற்கும்வரை காத்திருந்தேன். பழுதுபார்க்கும் செலவைப் பார்த்த பிறகு, வாங்கிய விலையில் பாதிக்கும் சற்று மேலே கிடைத்த பணத்துக்கு அதை விற்றேன். போன பணத்தைவிட, கற்றிருக்க வேண்டிய அந்த ஓராண்டு போனதுதான் இன்றும் உறுத்துகிறது.

எனவே என்னிடம் வருபவர்களை முதலில் கோவை செட்டிபாளையத்தில் உள்ள 'கரி' பந்தயத் தடத்துக்குத்தான் அனுப்புகிறேன். மொத்தமே 2.1 கிலோமீட்டர். எஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அங்கே இடம் இல்லை. சிறிய காரில் உங்கள் சுற்று நேரம் குறைவது நிற்கும்வரை அதிலேயே இருங்கள். அது நின்ற பிறகு பலத்தைப் பற்றிப் பேசலாம்.

லேசான கார்தான் எல்லோருக்கும் என்று முடிவு கட்டுவது

என் கதையைக் கேட்டுவிட்டுச் சிலர் இந்த எதிர்முனைக்குப் போய்விடுகிறார்கள். அதுவும் தவறு. உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி சென்னை பெங்களூரு நெடுஞ்சாலை என்றால், இறுக்கமான சஸ்பென்ஷனும் காதைத் துளைக்கும் டயர் ஓசையும் கொண்ட சிறிய கார் ஆறே மாதத்தில் சலித்துவிடும். லாரிகளைக் கடக்கும்போது கையிருப்பில் இருக்கும் பலம் நிம்மதி தரும். என் நண்பர் ஒருவருக்குத் தடத்தில் ஆர்வமே இல்லை. எட்டு சிலிண்டரின் ஓசைக்காகவே கார் வாங்கினார். அவர் எடுத்த முடிவு சரியானது. ஏன் வாங்குகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் கொல்லிமலையின் எழுபதும்தான் உங்கள் கனவு என்றால் லேசானதை எடுங்கள். அங்கே எதிரே பஸ் வரும். அகலமான கார் ஒவ்வொரு வளைவிலும் உங்களை இறுக்கும்; நானூறு குதிரைத்திறனில் முக்கால்வாசியைத் தொடவே முடியாது. லேசான கார் ஐம்பது கிலோமீட்டரிலேயே முழு மகிழ்ச்சியைக் கொடுத்துவிடும்.

லேசான காரை வாங்கி, முதல் வேலையாக எஞ்சின் பலத்தைக் கூட்டுவது

முதலில் டயர். பிறகு பிரேக். பிறகு ஓட்டுநர். எஞ்சினை விட்டுவிடுங்கள்.

முதல் நாளே நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை (கார் சறுக்குவதைத் தடுக்கும் மின்னணு அமைப்பை) அணைப்பது

செய்யாதீர்கள்.

காப்பீடு இருக்கிறதே என்று தடத்துக்கு வருவது

வழக்கமான மோட்டார் பாலிசி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கி வைத்திருக்கிறது. பாலிசியைப் படியுங்கள்.

டயரின் வயதைப் பார்க்காமல் இருப்பது

பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் குறைந்த கிலோமீட்டரே ஓடியிருக்கும். கோடுகள் தேயாத டயரைப் பார்த்து ஏமாந்துவிடுவோம். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை இளைஞரின் காருக்கு அருகே குனிந்து படித்தேன். 2517. அதாவது 2017-ஆம் ஆண்டின் இருபத்தைந்தாவது வாரம். ரப்பர் மரக்கட்டைபோல இறுகியிருந்தது. அந்தக் காரைத் தடத்துக்குள் விட முடியாது என்று சொன்னேன். முகம் வாடிவிட்டது. என்னுடைய பழைய ஹேட்ச்பேக்கின் சாவியைக் கொடுத்தேன். மாலை ஐந்து மணிவரை திருப்பித் தரவில்லை.