பிள்ளைகளோடு ஐரோப்பாவை ரயிலில் சுற்ற: பாஸ் வாங்குவது முதல் பெட்டி தேடி ஏறுவது வரை

அப்பா, அம்மா, 12 வயதுக்குள் இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேர் கிளம்புவதாக வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நாங்கள் போன பாதையும் இதுதான்: சென்னையிலிருந்து நேர் விமானத்தில் ஃப்ராங்க்ஃபர்ட், அங்கிருந்து ரயிலில் சூரிக், மிலான், வெனிஸ், வியன்னா, சால்ஸ்பர்க், மியூனிக், திரும்ப ஃப்ராங்க்ஃபர்ட். விமான டிக்கெட்டும் ஹோட்டலும் போடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. ரயில் விஷயம் மட்டும்.

முதலில் தேதியும் விசாவும்

நம் பள்ளிகளுக்கு விடுமுறை ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். ஐரோப்பியப் பிள்ளைகளின் பெரிய விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். அதனால் மே மாதம் நமக்கு நல்ல நேரம். வெயில் கொளுத்தாது, இரவு எட்டரை வரை வெளிச்சம் இருக்கும், ஜூலையில் வரும் கூட்டம் வராது. ஆனால் ஒன்று: மே 1 விடுமுறை. ஈஸ்டரிலிருந்து 40ஆம் நாள் ஒரு வியாழக்கிழமை விடுமுறை. அதற்குப் பத்து நாள் கழித்து ஞாயிறும் திங்களும் பெந்தெகொஸ்தே. இந்த நாட்களை ஒட்டி ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ரயில் நிரம்பி வழியும். நீண்ட பயணங்களை அந்த நாட்களில் வைக்காதீர்கள்.

ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்கு ஒரே விசாவாகச் செல்லும் ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே போடலாம். கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குள் இல்லை. 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குக் கைரேகை வேண்டாம். லண்டனையும் சேர்க்க நினைத்தால் அதற்குத் தனி விசா என்பதை மறக்க வேண்டாம்.

பாஸா, தனித்தனி டிக்கெட்டா?

இந்தியாவில் வசிப்பவர்கள் வாங்க வேண்டியது, ஒரே பாஸில் பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் போக உதவும் யூரெயில் பாஸ். இன்டர்ரெயில் என்பது ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு. லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் உறவினரிடம் சொல்லி இன்டர்ரெயில் வாங்கிவிடலாம் என்று கேட்கிறார்கள். வேண்டாம். யார் எங்கே வசிக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் பாஸ் செல்லும்.

குடும்பத்துக்கு யூரெயிலில் பெரிய லாபம் பிள்ளைகள்தான். 4 முதல் 11 வயது வரை பாஸ் இலவசம், ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் வரை. இலவசம் என்பதற்காகச் சேர்க்காமல் விட்டுவிடக் கூடாது, வாங்கும்போதே அவர்கள் பெயரிலும் பாஸ் எடுக்க வேண்டும். 4 வயதுக்குக் கீழே பாஸே வேண்டாம். 12 ஆகிவிட்டால் இளைஞர் பாஸ், அதற்குப் பணம் உண்டு. பாஸ் தொடங்கும் நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு.

தேதி மாறவே மாறாது, மூன்று மாதம் முன்பே எல்லாம் முடிவாகிவிட்டது என்பவர்களுக்குத் தனித்தனி டிக்கெட் மலிவாக வரலாம். ஜெர்மன் ரயில்வேயிலும் ஆஸ்திரிய ரயில்வேயிலும் முன்கூட்டியே போட்டால் சலுகை விலை நன்றாகக் கிடைக்கும். ஜெர்மனியில் பெரியவரோடு போகும் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு டிக்கெட் இலவசம், புக் செய்யும்போது அவர்களையும் எண்ணிக்கையில் சேர்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சலுகை டிக்கெட் ஒரே ரயிலுக்குத்தான் செல்லும். பிள்ளைக்குக் காலையில் காய்ச்சல் அடித்தால் அடுத்த ரயிலில் போக முடியாது. அதனால்தான் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் பாஸையே சொல்வேன்.

எத்தனை நாள் பாஸ்? மேலே சொன்ன பாதையில் ஏழு ரயில் நாட்கள் வருகின்றன. அதற்காக 7 நாள் பாஸ் எடுக்க வேண்டியதில்லை. சால்ஸ்பர்க்கிலிருந்து மியூனிக் போக பேயர்ன் டிக்கெட் என்று மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தின் ஒரு நாள் டிக்கெட் இருக்கிறது. சாதாரண ரயில்களில் மட்டும் செல்லும், வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல். சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவில் இருந்தாலும் அந்த ஸ்டேஷன் வரை இது செல்லும், உடன் வரும் 6 முதல் 14 வயதுள்ள சொந்தப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பணமில்லை, மியூனிக்கில் இறங்கிய பிறகு அன்றைக்கு மெட்ரோ, டிராம் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். மிலான் – வெனிஸ் தூரத்தையும் தனி டிக்கெட்டில் முடித்துக்கொள்ளலாம், காரணம் அடுத்த பகுதியில். மீதி ஐந்து நாள். ஒரு மாதத்துக்குள் நமக்கு வேண்டிய ஏதாவது 5 நாள் மட்டும் ரயிலில் போகும் பாஸ் போதும். டிக்கெட் விலை அதிகமாக இருக்கும் நாட்களுக்கு மட்டும் பாஸைச் செலவழியுங்கள்.

சீட் முன்பதிவு: நிதானமாகப் படிக்க வேண்டிய இடம்

நான் அதிக நேரம் உட்கார்ந்து புரிந்துகொண்டது இதைத்தான். பாஸ் கையில் இருந்தாலும் சில ரயில்களில் சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்யாமல் ஏறவே முடியாது. பிரான்ஸின் டிஜிவி, லண்டன் போகும் யூரோஸ்டார், இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸ்ஸா, ஸ்பெயினின் ஏவிஇ, இரவு ரயில்கள் எல்லாமே இந்த வகை. டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இத்தனை சீட்தான் என்று ஒதுக்கீடும் உண்டு. அது தீர்ந்துவிட்டால் ரயிலில் இடம் காலியாக இருந்தாலும் முழு விலை கொடுத்துத்தான் டிக்கெட் வாங்க வேண்டும்.

இதில் குடும்பங்களை அடிக்கும் விஷயம் ஒன்று. பிள்ளைகளுக்குப் பாஸ் இலவசம், சீட் இலவசம் இல்லை. முன்பதிவுக் கட்டணத்தை நாலு பேருக்கும் கட்ட வேண்டும். மிலானிலிருந்து வெனிஸுக்கு ஃப்ரெச்சாரோஸ்ஸாவில் போனால் ஆளுக்குப் பத்து யூரோவுக்கு மேல், நாலு பேருக்குப் பெருக்கிப் பாருங்கள், பாஸில் ஒரு நாளும் கழியும். அதே தூரத்தை வெரோனாவில் மாறி இரண்டு சாதாரண ரயிலில் போகலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகும், ஆனால் முன்பதிவு கிடையாது, விலை என்றைக்கும் ஒன்றுதான், கிளம்புவதற்கு முந்தின நாள் வாங்கினாலும் அதே விலை. காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் இருக்கும் சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால் அபராதம்.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்று நாடுகளிலும் உள்நாட்டு ரயில் பெரும்பாலும் முன்பதிவு கேட்காது. பாஸ் இருந்தால் வந்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம். அதனால்தான் இந்தப் பாதையை ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து தொடங்கினோம். பாரிஸிலிருந்து சூரிக் என்று ஆரம்பித்தால் முதல் நாளே டிஜிவி ஒதுக்கீட்டில் சிக்க வேண்டும். பாரிஸ் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பவர்கள் தாராளமாகச் சேருங்கள், ஆனால் அந்த ரயிலின் சீட்டை முதல் வேலையாகப் போட்டுவிடுங்கள்.

கட்டாயமில்லை என்றாலும் நாலு பேரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்றால் இரண்டு பயணங்களுக்கு நான் சீட் போடச் சொல்வேன்: ஃப்ராங்க்ஃபர்ட் – சூரிக், வெனிஸ் – வியன்னா. இரண்டும் நீளம். ஜெர்மன் ரயில்வே தளத்திலும் ஆஸ்திரிய ரயில்வே தளத்திலும் டிக்கெட் இல்லாமல் சீட் மட்டும் வாங்க வழி இருக்கிறது, சில யூரோதான். யூரெயில் தளத்திலும் செய்யலாம், சேவைக் கட்டணம் சேரும், அதனால் எனக்கு அது இரண்டாம் பட்சம். ஜெர்மனியில் குடும்பத்துக்கு மொத்தமாக ஒரே கட்டணத்தில் சீட் போடும் வசதி முன்பு இருந்தது. 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். பழைய பதிவுகளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

சிவப்பு ரயில்

சூரிக்கிலிருந்து மிலானுக்கு நேர் ரயில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு கூர், செயின்ட் மோரிட்ஸ், திரானோ வழியாகப் போங்கள். ஒரு பகல் முழுக்க ஆகும், ஒரே பயண நாள்தான் கழியும். பெர்னினா எக்ஸ்பிரஸ் என்று பெரிய கண்ணாடி வைத்த சுற்றுலா ரயில் ஓடுகிறது, அதற்கு முன்பதிவு கட்டாயம். அதே தண்டவாளத்தில் அதே சிவப்பு நிறத்தில் மணிக்கொரு சாதாரண ரயிலும் போகிறது. அதற்கு முன்பதிவு வேண்டாம், பல பெட்டிகளில் ஜன்னலைக் கீழே இறக்கவும் முடியும். என் ஓட்டு சாதாரண ரயிலுக்குத்தான். படம் எடுக்கும்போது கண்ணாடிப் பிரதிபலிப்பு விழாது.

கூரில் ஏறினால் வலது பக்கம் உட்காருங்கள். ஃபிலிசூருக்குச் சற்று முன் 65 மீட்டர் உயரமுள்ள லேண்ட்வாசர் பாலம் வளைந்து நேராக ஒரு பாறைச் சுவருக்குள் நுழையும், நம் பெட்டி பாலத்தில் இருக்கும்போதே எஞ்சின் சுரங்கத்துக்குள் போவது தெரியும். செயின்ட் மோரிட்ஸில் மாறிய பிறகு 2,253 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒஸ்பிசியோ பெர்னினா ஸ்டேஷன் வரை ஏறுகிறது. மே மாதத்திலும் அங்கே பனி கிடக்கும், பிள்ளைகளின் ஸ்வெட்டரைப் பெரிய பெட்டியின் அடியில் வைக்காதீர்கள். அங்கிருந்து 429 மீட்டரில் இருக்கும் திரானோ வரை, மலை ரயில்களில் பிடிப்புக்கு வைக்கும் பல்சக்கரம் இல்லாமலே இறங்குகிறது. வழியில் புருசியோவில் ஒன்பது வில்வளைவுகள் தாங்கும் பாலத்தில் ரயில் ஒரு முழு வட்டம் போட்டுத் தன் பாதைக்குக் கீழேயே நுழையும். திரானோவில் சுவிஸ் ஸ்டேஷனும் இத்தாலிய ஸ்டேஷனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, மிலான் ரயிலுக்கு நடந்தே மாறிக்கொள்ளலாம்.

ஆப்

பாஸ் வாங்கியதும் யூரெயிலின் ரெயில் பிளானர் ஆப்பில் எல்லோர் பாஸையும் ஏற்றுங்கள். பிள்ளைகளின் பாஸ் பெற்றோர் போனிலேயே இருக்கலாம். விசா கைக்கு வரும்வரை பாஸைச் செயல்படுத்த வேண்டாம். செயல்படுத்தாத பாஸுக்குத்தான் கழிவு போகப் பணம் திரும்பக் கிடைக்கும், தள்ளுபடிக் காலத்தில் வாங்கியதற்குப் பெரும்பாலும் அதுவும் கிடையாது. செயல்படுத்தும்போது பாஸ்போர்ட் எண் கேட்கும். ரயிலில் பரிசோதகர் இரண்டையும் ஒப்பிடுவார், அதனால் பாஸ்போர்ட் கைப்பையில் இருக்கட்டும்.

பயணத்தன்று ஏறுவதற்கு முன்பே அந்த ரயிலைப் பாஸில் சேர்த்திருக்க வேண்டும், பிள்ளைகளின் பாஸிலும்தான். ஒரு பயண நாள் என்பது நள்ளிரவு முதல் மறு நள்ளிரவு வரை. இரவு ரயிலில் ஏறி விடியும்வரை மாறாமல் போனால் ஏறிய நாள் மட்டுமே கழியும்.

நேரம் பார்க்க எனக்குப் பிடித்தது ஜெர்மன் ரயில்வேயின் ஆப்தான். மற்ற நாட்டு ரயில்களின் நேரமும் அதில் பெரும்பாலும் இருக்கும், ஜெர்மன் ரயில்களுக்குப் பெட்டி வரிசையையும் காட்டும். சுவிட்சர்லாந்துக்குள் மட்டும் சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி ஆப்.

பிளாட்பாரத்தில்

ரயில் சின்ன ஸ்டேஷன்களில் ஒன்றிரண்டு நிமிடம்தான் நிற்கும். பிளாட்பாரத்தில் தலைக்கு மேலே ஏ, பி, சி என்று எழுத்துப் பலகைகள் தொங்கும். உங்கள் பெட்டி எந்த எழுத்துக்கு நேராக நிற்கும் என்பது மின்பலகையில் வரும். அந்த எழுத்தின் கீழே முன்னதாகவே போய் நில்லுங்கள். சில ரயில்கள் பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊருக்குப் போகும், ஏறும் முன் கதவுக்குப் பக்கத்தில் எரியும் ஊர்ப் பெயரைப் பாருங்கள். போர்ட்டர் கிடையாது. ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி, அவரவர் தூக்கக்கூடியதாக. வெனிஸில் இறங்க வேண்டியது சாந்தா லூசியா. அதற்கு முந்தைய மெஸ்த்ரே தண்ணீருக்கு இந்தப் பக்கமே இருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் இரண்டடுக்கு இன்டர்சிட்டி ரயில் கிடைத்தால் குடும்பப் பெட்டியைத் தேடுங்கள். மேல் தளத்தில் சறுக்கு மரம் வைத்த சின்ன விளையாட்டு இடம் இருக்கும். ஆஸ்திரியாவின் ரெயில்ஜெட் என்ற வேக ரயிலிலும் குடும்பங்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, பிள்ளைகளுக்குச் சின்னத் திரையில் படம் ஓடும். வெனிஸ் – வியன்னா பகல் முழுக்கப் போகும் பயணத்துக்கு அது பெரிய உதவி. வியன்னாவை நெருங்கும்போது மட்டும் அவர்களைத் திரையிலிருந்து ஜன்னலுக்குக் கூப்பிடுங்கள், 1854இல் திறந்த செம்மரிங் மலைப்பாதை வரும்.

கருத்துகளில் கேட்டவற்றைப் பார்த்துச் சேர்த்தவை

சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து என்ன கொண்டுபோகலாம்? பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் சரி. நெய், பால்கோவா போன்ற பால் பொருள், இறைச்சி எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும். தயிரும் ரொட்டியும் பழமும் அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

ஊருக்குள் மெட்ரோவுக்குப் பாஸ் செல்லுமா? செல்லாது. ஜெர்மனியில் ஜெர்மன் ரயில்வே நடத்தும் எஸ்-பான் என்ற புறநகர் ரயிலில் மட்டும் செல்லும், ஆனால் அதற்கும் ஒரு பயண நாள் கழியும்.

இத்தாலியில் வேலைநிறுத்தம் வந்தால்? முன்கூட்டியே அறிவிப்பார்கள், வேலைநிறுத்தத்துக்கான இத்தாலியச் சொல் ஷோபெரோ (sciopero), அதைத் தேடினால் தேதி வரும். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் அத்தியாவசியச் சாதாரண ரயில்கள் ஓடியாக வேண்டும் என்பது விதி. வெனிஸிலிருந்து கிளம்பும் நாள் அப்படி அமைந்தால் பயணத்தை ஒரு நாள் தள்ளுங்கள். பாஸில் அந்த நாளை இன்னும் தொடங்கியிருக்க மாட்டீர்கள், எதுவும் வீணாகாது. சீட் முன்பதிவை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.

போன் அணைந்துவிட்டால் பாஸைக் காட்ட முடியாது. பவர் பேங்க் ஒன்று பெரியவர் பையில் கட்டாயம் இருக்கட்டும். பெற்றோர் இருவர் பாஸையும் ஒரே போனில் ஏற்றாமல், ஆளுக்கொரு போனில் ஒரு பிள்ளையின் பாஸோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கழிவறைக்கோ தண்ணீர் வாங்கவோ ஒருவர் ஒரு பிள்ளையோடு பிரிந்து போனாலும் அவரவர் பாஸ் அவரவரிடம் இருக்கும்.