பட்டறை அடுப்பின் புகை உள்ளே திரும்பியது ஏன்?

காசிமேட்டில் எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தையே தச்சுப் பட்டறையாக வைத்திருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கடற்காற்றின் ஈரத்தில் பலகைகள் ஊதிவிடும் என்பதால், அறையைச் சூடாக்க இரும்பு விறகடுப்பு ஒன்றை நிறுவினேன். சில நாட்களிலேயே, மாலை வேளைகளில் எனக்கும் உதவியாளருக்கும் தலைவலியும் குமட்டலும் வரத் தொடங்கின. ஈர விறகுதான் காரணம் என்று நான் முதலில் நினைத்தது தவறு.

ஒருநாள் ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பின் வாயருகே பிடித்தேன். மரத்தூளை வெளியேற்றும் விசிறி ஓடியபோது, ஊதுபத்தியின் மெல்லிய புகை அடுப்புக்குள் போகாமல் அறைப்பக்கம் சாய்ந்தது. விசிறியை நிறுத்தியதும் உள்ளே இழுபட்டது. மூடிய அறையிலிருந்து விசிறி உறிஞ்சிய காற்றை ஈடுசெய்ய, புகைக்குழாய் வழியாகவே காற்று கீழிறங்கியிருக்கிறது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடும் அதனோடு வரும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் வாயு அது; எங்கள் தலைவலிக்கும் குமட்டலுக்கும் அதுவே காரணம்.

இப்போது அடுப்பு எரியும்போது விசிறி ஓடுவதில்லை. சுவரின் அடியில் காற்று நுழையத் திறப்பும் வைத்துவிட்டேன். புகைக்குழாய் கூரைக்கு மேல் 3 அடி நிற்கிறது. பலகைகளின் அடுக்கையும் அடுப்பிலிருந்து 3 அடி தள்ளி வைத்துவிட்டேன். வார்னிஷும் தின்னரும் பட்டறைக்குள் இருப்பதே இல்லை. முதல் நாளே வாங்கியிருக்க வேண்டிய கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியையும் மாட்டிவிட்டேன். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில்தான் அள்ளுகிறோம்.