மாம்பால் கறையும் மூன்று ஃபைல்களும்: முதல் துப்பறியும் நாவலை எழுதத் தொடங்குவது எப்படி?

ஒரு இளம் பெண் எஸ்.ஐ., ஒரு தொடர் கொலைகாரன். இந்த இரண்டு பேரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு நாவல் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே கொலையைக் காட்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மழை இரவு, தனியாக நடந்து போகும் பெண், பின்னால் செருப்புச் சத்தம் என்று நாற்பது பக்கம் ஓடியது, அதற்கு மேல் ஒரு வரி கூட நகரவில்லை. கொலைகாரனைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும், ஆனால் இந்தச் சாவுகள் எல்லாம் ஒரே ஆள் செய்தது என்று போலீசில் முதலில் யாருக்கு, எதை வைத்துத் தெரியவரும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் கதை தானாக நகரும். அதனால் இந்த விளக்கம் முழுக்க அதைச் சுற்றித்தான் போகும். உதாரணத்துக்கு நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: மேப் வரையுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் தொப்பூர் கணவாயிலிருந்து ஓசூர் வரை ஒரு கோடு போடுங்கள். அதுதான் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. வழியில் தர்மபுரி, காரிமங்கலம், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, சூளகிரி. இப்போது மாவட்ட எல்லையைப் போடுங்கள். 2004-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. காரிமங்கலம் தர்மபுரி மாவட்டம், பக்கத்திலேயே இருக்கும் காவேரிப்பட்டணம் கிருஷ்ணகிரி மாவட்டம். எஸ்.பி. வேறு, டி.எஸ்.பி. வேறு, ஃபைல் போகும் கோர்ட்டும் வேறு. வேப்பனப்பள்ளி தாண்டினால் ஆந்திராவின் குப்பம், ஓசூர் தாண்டினால் கர்நாடகா.

காரிமங்கலம் பக்கம் ஒரு பிணம், காவேரிப்பட்டணம் பக்கம் ஒன்று, குப்பம் பக்கம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் மாந்தோப்புக் கிணறு. மூன்றிலும் மேட்டில் செருப்பு ஜோடியாக இருக்கிறது. நம் பக்கத்துப் பாறைக் கிணறுகளின் ஆழம் உங்களுக்கே தெரியும், தோப்புக்குள் இருக்கும் கிணற்றை நாலைந்து நாள் யாரும் எட்டிப் பார்க்காமல் இருப்பதும் சாதாரணம். உடல் அழுகிய நிலையில் கிடைத்தால் டாக்டரால் சாவுக்கான காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம். மூன்று ஸ்டேஷனும் தனித்தனியாகச் சந்தேக மரணம் என்று பதிவு செய்கின்றன, அதில் ஒரு ஃபைல் தெலுங்கில் இருக்கிறது. இது மூன்றும் ஒன்று என்று யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. உங்கள் நாவல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

(கிணறு இருக்கும் கிராமத்துக்கு மட்டும் கற்பனைப் பெயர் வையுங்கள். ஊர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள்.)

இரண்டாம் படி: அவளால் என்ன முடியும், என்ன முடியாது

கதாநாயகிக்கு மாதேஸ்வரி என்று பெயர் வைப்போம், நம் பக்கத்துப் பெயர். நேரடி எஸ்.ஐ. தேர்வு எழுதி, வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரியில் பயிற்சி முடித்து, முதல் போஸ்டிங்கில் இருக்கிறாள். புதிதாக எழுதுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, இந்த எஸ்.ஐ.யையே கொலை வழக்கின் விசாரணை அதிகாரி ஆக்கிவிடுவது. நம் மாநிலத்தில் கொலை வழக்கை வழக்கமாக இன்ஸ்பெக்டர்தான் விசாரிப்பார். எஸ்.ஐ. எஃப்.ஐ.ஆர். போடலாம், ஸ்பாட்டுக்குப் போகலாம், தனிப்படையில் சேர்க்கப்படலாம்.

ஆனால் சந்தேக மரண ஃபைலை எஸ்.ஐ. கையாளலாம். பார்த்தீர்களா, கதவு அங்கே திறக்கிறது. யாரும் பெரிதாக மதிக்காத ஒரு பழைய ஃபைலை முடித்து அனுப்பச் சொல்லி அவள் மேஜையில் வைக்கிறார்கள். அவள் அதை முடிக்காமல் படிக்கிறாள். அவ்வளவுதான், அவளுக்குத் துப்பாக்கியோ சண்டையோ இப்போதைக்கு வேண்டாம்.

தமிழ்நாடு போலீசில் பெண்கள் சேர ஆரம்பித்தது 1973-ல். அதனால் அவளைப் பார்த்து ஊரே வாயைப் பிளப்பது போல எழுதாதீர்கள், பெண் போலீஸ் இங்கே புதிதில்லை. அவளுக்கு வரும் தடைகள் சின்னதாக, தினமும் வருவதாக இருக்கட்டும். வழக்கு வேலை பார்க்க உட்காரும் நேரம் பார்த்து திருவிழா பந்தோபஸ்து வரும், ஏதாவது குடும்பத் தகராறு என்றால் "மேடம் பேசட்டும்" என்று அவளிடம் தள்ளிவிடுவார்கள். கூடவே ஒரு வயதான எஸ்.எஸ்.ஐ.யை (சிறப்பு உதவி ஆய்வாளர்) வையுங்கள். ஸ்டேஷனில் அவர் அவளை "மேடம்" என்பார், ஜீப்பில் இரண்டு பேர் மட்டும் போகும்போது "சாப்டியாம்மா" என்பார். அவள் எப்போதும் "அண்ணே" என்பாள். இந்த ஒரு மாற்றமே இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் உறவைச் சொல்லிவிடும்.

மூன்றாம் படி: செத்துப்போனவர்களை முதலில் எழுதுங்கள்

கொலைகாரனைத் தொடுவதற்கு முன்னால், ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு பக்கம் எழுதுங்கள். அவள் சாகிற காட்சி அதில் வரக் கூடாது. மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலைக்குப் போனவள், சுய உதவிக்குழுக் கடனில் எத்தனை தவணை பாக்கி, மகள் எந்த வகுப்பு, டிபன் பாக்ஸில் என்ன எடுத்துப்போவாள், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை. இதில் முக்கால்வாசி நாவலில் வராது. வராவிட்டாலும் மாதேஸ்வரி அந்த வீட்டுத் திண்ணையில் உட்காரும்போது அம்மாக்காரி என்ன பேசுவாள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இந்த நெடுஞ்சாலையில் உண்மையாகவே பெண்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள், அவர்கள் குடும்பங்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றன. அந்த வழக்குகளை எடுத்து, பெயரை மட்டும் மாற்றிக் கதை பண்ண வேண்டாம். செத்த பெண்ணை வெறும் பிணமாக மட்டும் காட்டுகிற கதையை அந்த வீட்டில் ஒருவர் படித்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

நான்காம் படி: கொலைகாரனுக்கு ஒரு தொழில் கொடுங்கள்

மனநிலை, சின்ன வயதுக் கொடுமை, அதெல்லாம் அப்புறம். அவன் ஏன் அந்த நாளில், அந்த இடத்தில் இருந்தான்? இதற்குப் பதில் அவன் பிழைப்பில் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் மாந்தோப்பைக் குத்தகைக்கு விடுவார்கள். காய் முற்றும் நேரத்தில் ராத்திரிக் காவலுக்கு ஆள் போடுவார்கள், அறுப்புக்குக் கும்பலாக ஆட்கள் வருவார்கள், சீசன் முடிந்தால் போய்விடுவார்கள். தோப்பு மாவட்ட எல்லையைப் பார்த்து வளர்வதில்லை, காவல்காரனும் எல்லை பார்த்து வேலைக்குப் போவதில்லை. சரி, இப்போது மூன்று சாவுக்கும் தேதியைப் பாருங்கள்: மே, ஜூன், மறுபடி மே. வருடம்தான் வேறு. மற்ற மாதங்களில் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று மாதேஸ்வரி கேட்கிற இடத்தில் நாவலின் பாதி முடிச்சு இருக்கிறது.

ஐந்தாம் படி: தடயம்

தடயம் என்றால் உடனே கைரேகை, டி.என்.ஏ. என்று போகாதீர்கள், அதெல்லாம் எந்த ஊர்க் கதையிலும் வரும். உங்கள் ஊர் ஆளுக்கு மட்டும் புரிகிற ஒன்றைத் தேடுங்கள். என் உதாரணம் மாம்பால். காயின் காம்பை ஒடித்தால் பீய்ச்சி அடிக்கும் பால் தோலில் பட்டால் பொத்துவிடும், அப்புறம் கறுத்துப்போகும். துணியில் பட்டால் துவைத்தாலும் லேசில் போகாது. மாங்காய் பறிக்கிறவர்களின் சட்டையைப் பார்த்தாலே தெரியும்.

காட்சியை இப்படி அமையுங்கள். கிணற்று மேட்டில் செருப்போடு கிடந்த துப்பட்டாவில் பழுப்பாக ஒரு கறை. ரத்தமாக இருக்குமோ என்று ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். "ரத்தம் கண்டறியப்படவில்லை" என்று அறிக்கை வருகிறது. எல்லோரும் அந்த வரியோடு ஃபைலை மூடிவிட்டார்கள். மாதேஸ்வரி மட்டும் கேட்கிறாள்: ரத்தம் இல்லை, சரி, அப்போது அது என்ன? வீட்டுக்குப் போய் போட்டோவை அம்மாவிடம் காட்டுகிறாள். அம்மா இருபது சீசன் கூழ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர், கண்ணாடி கூடப் போடாமல் சொல்கிறார்: "இது மாங்கா பாலு. எந்தத் தோப்புல வாங்கிட்டு வந்துச்சு இந்தப் புள்ள?"

ஆனால் அந்தப் பெண் மாந்தோப்பு வேலைக்கே போனதில்லை.

இந்தத் தடயத்தை மூன்று இடத்தில் வையுங்கள். ஆரம்பத்திலேயே, தோப்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் ஒருவனின் மணிக்கட்டில் கறுத்த புள்ளிகள் இருப்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுங்கள், அதே பத்தியில் வாசகனின் கவனத்தை இழுக்க ஒரு சண்டை இருக்கட்டும். நடுவில் துப்பட்டா. கடைசியில் இரண்டும் சேரும். ஆனால் மணிக்கட்டுப் புள்ளியை வைத்து ஒருவனைக் கைது செய்ய முடியாது, சீசனில் பாதி ஊருக்கு அது இருக்கும். அதனால் அது வழியைக் காட்டும், வழக்கை நிரூபிக்காது. நிரூபிக்க வேறு வேண்டும்.

ஆறாம் படி: சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதற்கு முந்தைய ஃபைலில் சந்தேக மரணம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174, கொலை இ.பி.கோ. 302. அதற்குப் பிறகு சந்தேக மரணம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194, கொலை பாரதிய நியாய சன்ஹிதா 103. உங்கள் மூன்று சாவும் 2022-லிருந்து 2025 வரை பரவியிருந்தால் ஃபைல் அட்டையில் எண்கள் மாறி இருக்க வேண்டும். அந்த ஒரு விவரத்திலேயே போலீஸ்காரர் ஒருவர் படித்தால் உங்களை நம்புவார்.

இதைவிட முக்கியம், போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் குற்றவாளிக்கு எதிராகச் செல்லாது. ஆகவே கடைசி அத்தியாயத்தில் அவன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதோடு நாவலை முடிக்க முடியாது. ஆனால் அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதைக் காட்டிக்கொடுத்த அந்தப் பகுதி மட்டும் செல்லும். அப்படியென்றால் உங்கள் உச்சக்கட்டம் லாக்கப் அறையை விட்டு வெளியே வருகிறது: விடியற்காலை, தோப்பு, இரண்டு சாட்சிகள், மகஜர் (சாட்சிகள் முன்னால் எழுதும் பதிவு) எழுதும் காகிதம், காவல் குடிசையின் ஓலைக்குள் செருகி வைத்த மூன்று ஜோடிக் கொலுசு. கைது செய்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பதால் கடிகாரமும் ஓடுகிறது. விறுவிறுப்புக்குத் தனியாக எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

ஏழாம் படி: பேச்சு

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோதான் வீட்டு மொழி. மாதேஸ்வரிக்குத் தெலுங்கு தெரியாமல், எஸ்.எஸ்.ஐ.க்குத் தெரிந்தால், குப்பம் ஃபைலை அவர்தான் படித்துச் சொல்ல வேண்டும். அவர் ஒரு வரியைத் தாண்டிப் படித்துவிட்டால்? இதை எப்படிப் பயன்படுத்துவது என்று உங்களுக்கே தோன்றும்.

கடைசிப் படி

முதல் அத்தியாயத்தை எழுதுவதற்கு முன் ஒரு வேலை. சீசனில் தோப்புக்குப் போய், பறிக்கிறவரிடம் கேட்டு, காம்போடு இரண்டு காய் வாங்குங்கள். பழைய வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் காம்பை ஒடியுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பால் விழுந்ததும் எப்படி இருக்கிறது, என்ன வாசம், மறுநாள் காலையில் என்ன நிறம், சோப்புப் போட்டுத் தேய்த்தால் எவ்வளவு மிச்சம் என்று தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். அந்தத் துணியை மேஜையில் வைத்துக்கொண்டு, மாதேஸ்வரி ஃபைலைப் பிரிக்கும் வரியை எழுதத் தொடங்குங்கள்.