லீவு நாளும் கடவாய்ப்பல்லும்: ராமநாதபுரம் கரையோரத்தில் பல் வைத்தியத்துக்குப் பணம் கட்டும் வழி

ஒரு வாரம் கல்யாணவீடு, நாலு நாள் ராமேஸ்வரமும் ஏர்வாடியும், மிச்சமிருக்கிற மூன்று நாளில் பல்லைப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள்தான் கடைசியில் அதிகம் செலவழிக்கிறார்கள். சொத்தை அடைப்பதும் பல் சுத்தம் செய்வதும் ஒரு மணி நேர வேலை. பழைய ரூட் கெனாலை (வேர்ச் சிகிச்சையை) திரும்பச் செய்வது, எலும்புக்குள் படுத்திருக்கும் ஞானப்பல்லை எடுப்பது, இம்பிளான்ட் (எலும்பில் திருகு பதித்து அதன்மேல் செயற்கைப் பல்) போடுவது எல்லாம் அப்படி இல்லை. இவற்றின் செலவை ரூபாயைவிட நாட்கள்தான் தீர்மானிக்கின்றன. பாதி வேலையோடு விமானம் ஏறினால், மீதியை லண்டனிலோ டொராண்டோவிலோ அந்த ஊர் விலைக்கு முடிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே ஊர் வந்த இரண்டாம் நாளே ஓபிஜி எடுத்துவிடுங்கள். இரண்டு தாடையும் ஒரே படத்தில் விழும் எக்ஸ்ரே இது. ராமநாதபுரம் டவுனில் சில நூறு ரூபாயில் முடியும். ஞானப்பல்லின் வேர் கீழ்த்தாடை நரம்பை ஒட்டியிருந்தாலோ, இம்பிளான்டுக்கு எலும்பு அளக்க வேண்டியிருந்தாலோ தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் கேட்பார்கள். அதற்குச் சில ஆயிரம் ஆகும், சில சமயம் மதுரைக்குப் போகவேண்டி வரும். ராமநாதபுரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 115 கிலோமீட்டர். போய் வர ஒரு பகல் போய்விடும்.

நாள் கணக்கு

மறு ரூட் கெனாலில் முதல் வேலை பழைய கேப்பை, அதாவது பல்லின் மேல் மாட்டியிருக்கும் உறையை, வெட்டி எடுப்பது. பிறகு உள்ளே அடைத்திருக்கும் பழைய பொருளைச் சுரண்டி எடுத்து, வேருக்குள் இருக்கும் கால்வாய்களைக் கழுவி, மருந்து வைத்து மூடுவார்கள். சீழ் இருந்தால் ஒரு வாரம் பொறுத்துத்தான் மறுபடி திறப்பார்கள். அடைத்தபின் மேல்கட்டு (குறைந்துபோன பல்லைக் கட்டி எழுப்புவது), அளவு எடுத்தல், கேப் செய்து வருதல். கேப் பெரும்பாலும் வெளியூர் லேபில் தயாராகும், ஐந்து முதல் ஏழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். கேப் கடித்து உயரமாக இருந்தால் தேய்த்துச் சரிசெய்ய இன்னும் ஒரு நாள் கையில் வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. சின்ன ஊர் கிளினிக்குகளில் தினமும் இருப்பவர் பொது பல் மருத்துவர். சிக்கலான வேர் வேலைக்கும் தாடை அறுவைக்கும் எம்டிஎஸ் படித்த நிபுணர் வெளியூரிலிருந்து வாரத்துக்கு ஒருநாள், இரண்டுநாள் வந்துபோவார். மூன்று சிட்டிங் என்றால் மூன்று வாரம். முதல் போனிலேயே கேளுங்கள்: ‘ஸ்பெஷலிஸ்ட் என்னைக்கு வர்றாரு? அடுத்து என்னைக்கு?’ அந்தத் தேதிகளை முதலில் குறித்துவிட்டு மற்றப் பயணங்களை அதைச் சுற்றி அடுக்குங்கள். ராமேஸ்வரத்தில் தங்கியிருப்பவர்கள் ஆடி, தை அமாவாசையை ஒட்டி நேரம் வாங்க வேண்டாம். பாம்பன் பக்கம் வண்டி நகராது. நோன்பு மாதத்தில் கீழக்கரை போன்ற ஊர்களில் கிளினிக் நேரம் மாறும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞானப்பல் அறுவையை லீவின் முதல் வாரத்தில் வையுங்கள். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். தையல் பிரிக்க ஒரு வாரம். பல் எடுத்த குழியில் உறைந்த ரத்தம் கழன்றுபோனால் எலும்பு திறந்து, மூன்றாவது ஐந்தாவது நாளில் காதுவரை வலிக்கும். புகைபிடிப்பவர்களுக்கு இது அதிகம். இதற்கு மாத்திரை மட்டும் போதாது, குழியைக் கழுவி மருந்து வைக்க வேண்டும். அந்த நாளில் நீங்கள் துபாய் ட்ரான்சிட்டில் இருக்கக்கூடாது.

உப்புத்தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னால், குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சி, ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் உப்புப் போட்டு வெதுவெதுப்பாக. கரையோர ஊர்களில் போர்த்தண்ணீரே உப்பாகத்தான் இருக்கிறது, அதையே வாயில் ஊற்றிக்கொண்டு வந்து நிற்பவர்களும் உண்டு. பல் எடுத்த அன்று கொப்பளிக்கவே கூடாது. மறுநாளிலிருந்து ஆரம்பியுங்கள்.

இம்பிளான்டை ஒரே பயணத்தில் முடிக்க முயலாதீர்கள். திருகு எலும்போடு ஒட்ட மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். கீழ்த்தாடையில் சீக்கிரம், மேல்தாடையில் தாமதம். இந்த லீவில் திருகு, அடுத்த லீவில் பல் என்று பிரிப்பதுதான் சரி. அன்றே பல் மாட்டும் முறையும் உண்டு, ஆனால் எலும்பு நன்றாக இருக்கும் சிலருக்குத்தான் அது பொருந்தும். உங்கள் டிக்கெட் தேதி அதற்குக் காரணமாக இருக்கக்கூடாது.

அரசு மருத்துவமனையில் எது கிடைக்கும்

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனையில் காலை ஓ.பி.யில் சீட்டு வாங்கிப் பல் பிரிவுக்குப் போகலாம். பல் எடுப்பது, அடைப்பது, சுத்தம் செய்வது, மாத்திரை எல்லாம் இலவசம். எட்டு மணிக்குள் வரிசையில் நில்லுங்கள், பதினொன்றுக்குப் போனால் மறுநாள் வரச்சொல்வார்கள். ஜிர்கோனியா கேப் (பல் நிறத்தில் இருக்கும் உறுதியான கேப்), இம்பிளான்ட் போன்றவற்றை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

தொண்டி, திருவாடானைப் பக்கத்துக்காரர்களுக்குப் புதுக்கோட்டை நல்ல தேர்வு. அங்கே அரசு பல் மருத்துவக் கல்லூரி 2023இல் தொடங்கியது. தமிழ்நாட்டின் பழைய அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னையில் இருக்கிறது. கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் மாணவர் செய்ய, ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் வந்து பார்த்த பிறகே அடுத்தது. இரண்டு மாதம் ஊரில் தங்குகிற ஓய்வுபெற்றவருக்கு இது பொருந்தும், இருபது நாள் லீவுக்காரருக்குப் பொருந்தாது.

தாடைக்குக் கீழே வீக்கம், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கச் சிரமம், கூடவே காய்ச்சல் என்றால் கிளினிக் தேடி அலையாமல் 108ஐ அழையுங்கள். பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சை அடைக்கும். விபத்தில் தாடை உடைந்தால் பெரும்பாலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை அது தரும். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். விசாரிக்க 1800 425 3993. மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கானது அது. தாடை முறிவு, புற்றுநோய் போன்றவற்றுக்கு ஊரிலிருக்கும் தகுதியுள்ள பெற்றோருக்குக் கைகொடுக்கும், கேப்புக்கும் இம்பிளான்டுக்கும் கைகொடுக்காது. ரேஷன் ஸ்மார்ட் கார்டிலிருந்து உங்கள் பெயரை இன்னும் நீக்காமல் இருக்கலாம். அதைக் காட்டி வெளிநாட்டுச் சம்பளக்காரர் சிகிச்சை எடுத்தால் மாட்டிக்கொள்வது அம்மா, அப்பாவின் அட்டைதான்.

மதிப்பீட்டுச் சீட்டைப் படிப்பது

தனியாரில் வாய்வார்த்தை விலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘எல்லாம் சேர்த்து இருபதாயிரம்’ என்பதில் கேப் சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதில்தான் பெரும்பாலான சண்டைகள் ஆரம்பிக்கின்றன. சீட்டு ஏறக்குறைய இப்படி இருக்க வேண்டும்:

பல் 46 (கீழ் வலது முதல் கடவாய்ப்பல்). பழைய கேப் அகற்ற 1,000. மறு ரூட் கெனால் 7,000. போஸ்ட் (வேருக்குள் இறக்கும் சின்னக் கம்பி), மேல்கட்டு 2,500. ஜிர்கோனியா கேப் 10,000. மொத்தம் 20,500.

தொகைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் சீட்டில் இதே வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எக்ஸ்ரே தனிக் காசா, தற்காலிகக் கேப்புக்குத் தனிக் காசா, கால்வாயில் பழைய ஊசி உடைந்து கிடந்து வெளியே எடுக்க முடியாவிட்டால் எவ்வளவு வாங்குவார்கள் என்ற மூன்றையும் கேட்டு அதே தாளில் எழுதி வாங்குங்கள். மூன்றாவதைக் கேட்டால் சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். நோய்க்கான சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது. பல் வெளுப்பாக்குவது போன்ற அழகு வேலைக்கு வரலாம்.

வரவேற்பில் இருக்கும் பெண் சொல்வார்: ‘அண்ணே, முழுசாக் கட்டிட்டீங்கன்னா ரெண்டாயிரம் குறைச்சுக்கிறோம்.’ பதில்: ‘வேணாம்மா, சிட்டிங்குக்கு சிட்டிங் கட்டிடுறேன். பில்லை மட்டும் அன்னன்னைக்கே குடுத்துரு.’ இரண்டாயிரம் போகட்டும். பாதியில் பல் விரிசல் விட்டிருப்பது தெரிந்து எடுக்கவேண்டி வந்தால், கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது கஷ்டம். கேப்பில் மட்டும் அளவு எடுக்கும் அன்று பாதித் தொகை கேட்பது நியாயம், லேபுக்கு அவர்களும் காசு கொடுக்க வேண்டும்.

மாத்திரை விஷயத்தையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை) பார்க்காமல் பல் எடுக்கமாட்டார்கள். தானாக மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்து. எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசி, மாத்திரை எடுப்பவருக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போக வாய்ப்புண்டு. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அந்த சிட்டிங் வீண், நிபுணர் அடுத்த வாரம்தான் வருவார்.

பணம் எப்படிப் போகிறது

கார்டில் தேய்க்கும்போது மெஷின் ‘ரூபாயா, உங்கள் நாட்டுப் பணமா’ என்று கேட்டால் ரூபாயை அழுத்துங்கள். மற்றதில் மாற்றுவிகிதம் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும். சில கிளினிக்குகளில் கார்டுக்கு இரண்டு சதவீதம் கூடுதலாகக் கேட்பார்கள், பேசிப் பாருங்கள். வெளிநாட்டுக் கார்டுக்குப் பல ஏடிஎம்களில் ஒரு தடவைக்குப் பத்தாயிரம்தான் வரும், ஒவ்வொரு தடவையும் கட்டணம் பிடிக்கும்.

வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஈ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு யுபிஐ சுலபம். சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், சவுதி, கத்தார், ஓமான், பிரிட்டன், கனடா உள்ளிட்ட நாடுகளின் போன் எண்ணோடும் இணைக்கலாம், உங்கள் வங்கி அதை அனுமதிக்கிறதா என்று புறப்படும் முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையாகப் பதிவான கியூஆருக்கு 5 லட்சம் வரை அனுப்பலாம், சாதாரண வரம்பு ஒரு நாளைக்கு 1 லட்சம். டாக்டரின் சொந்த எண்ணுக்கு அனுப்பினால் பில்லில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். முழுவாய் இம்பிளான்ட் போன்ற பெரிய வேலைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கச் சட்டம் இடம் தராது. ரொக்கம் கேட்டு அடம்பிடிக்கும் இடத்தில் பில்லும் சரியாக வராது.

வெளிநாட்டுக் காப்பீடு என்ன தரும்

இங்கிலாந்தில் என்எச்எஸ் (அரசுப் பொது மருத்துவச் சேவை) பல் மருத்துவர் கிடைத்திருப்பவர்கள் ஒரு கணக்கைப் போடுங்கள். 2025 ஏப்ரல் கட்டணப்படி, கேப் போன்ற வேலைகள் வரும் மூன்றாம் படிக்கு (பேண்ட் 3) 326.70 பவுண்டு. ஒரே சிகிச்சைத் திட்டத்துக்குள் ரூட் கெனாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கேப்பும் இருந்தாலும் இதே தொகைதான். ரூட் கெனாலோடு இரண்டு, மூன்று கேப் தேவைப்படுபவருக்கு ராமநாதபுரத்தைவிட அங்கேதான் லாபம். இம்பிளான்ட் பொதுவாக என்எச்எஸ்ஸில் கிடைக்காது, அதற்கு ஊர் வருவதில் அர்த்தமுண்டு.

கனடாவின் பொதுப் பல் காப்பீட்டுத் திட்டம் நாட்டுக்கு வெளியே செய்ததற்குப் பணம் தராது. சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் பணத்தை இங்கே கிளினிக்கில் எடுக்க முடியாது. ஜெர்மனியின் பொதுக் காப்பீடும் இந்தியச் செலவை ஏற்காது. பயணக் காப்பீடு திடீர் வலிக்கு ஒரு சின்னத் தொகை கொடுக்கும். புறப்படும் முன்பே இருந்த சொத்தைக்குக் கொடுக்காது. பெரும்பாலானவை சிகிச்சைக்கு முன்பே அவர்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லும், அதை மறந்து பில் அனுப்பினால் திருப்பி அனுப்புவார்கள்.

வேலை இடத்துத் தனியார் காப்பீடு சில சமயம் தரும். பில்லில் பல் எண் முக்கியம். இங்கே 46 என்று எழுதுவது கீழ் வலது முதல் கடவாய்ப்பல். அமெரிக்காவில் அதே பல் 30. எண்ணை மட்டும் அப்படியே அனுப்பினால் குழப்பம்தான், ‘கீழ் வலது முதல் கடவாய்ப்பல்’ என்று ஆங்கிலத்தில் எழுதித்தரச் சொல்லுங்கள். டாக்டரின் பதிவு எண், முத்திரை, ஒவ்வொரு சிட்டிங்கின் தேதி, முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே எல்லாம் வேண்டும்.

காசு கொடுத்துச் செய்த சிகிச்சையில் குறை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம், இணையத்திலும் முடியும். பில் இல்லாமல் போனால் வாசலிலேயே நின்றுவிடும்.

இம்பிளான்ட் போட்டவர்கள் பெட்டியைப் பூட்டும் முன் இன்னொன்றைப் பாருங்கள். திருகு வரும் டப்பாவில் கம்பெனிப் பெயர், அளவு, லாட் எண் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றை டாக்டர் தன் ஃபைலில் ஒட்டுவார், இன்னொன்றை உங்கள் கையில் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் இணைப்பும் திருப்புளியும் வேறு. இரண்டு ஆண்டு கழித்து டொராண்டோவின் ஸ்கார்பரோவில் அந்தப் பல் ஆடும்போது, எந்தத் திருகு என்று தெரியாத டாக்டர் இறுக்கித் தரமாட்டார், எடுத்துவிட்டுப் புதிதாகப் போடத்தான் விலை சொல்வார்.