களத்துமேட்டிலிருந்து நடுப்பக்கம் வரை: கருத்துக் கட்டுரையும் விமர்சனமும் எழுதப் பழகுவோருக்கு

கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் எழுத ஆசைப்படும் இளைஞர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டும் முதல் கட்டுரை பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கிறது. ‘சோழ வளநாடு சோறுடைத்து’ என்று முதல் வரி. தமிழகத்தின் நெற்களஞ்சியம் என்று அடுத்த வரி. பிறகு விவசாயியின் கண்ணீர். கடைசியில் ‘அரசு கவனிக்குமா?’ என்று ஒரு கேள்வி. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எழுதியவர் எங்கே போனார், எதைப் பார்த்தார், என்ன நினைக்கிறார் என்பது கடைசி வரி வரை தெரிவதில்லை. டெல்டாவைப் பற்றி எழுத இவ்வளவு இருக்கும்போது இப்படி ஒரு வாய்ப்பு வீணாவது எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் இந்த விளக்கம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தலையங்கம் பத்திரிகையின் குரல். அதில் எழுதியவர் பெயர் இருக்காது. நடுப்பக்கக் கட்டுரை உங்கள் பெயரில் வரும் உங்கள் குரல். நூலைப் பற்றியது மதிப்புரை, கச்சேரி, நாடகம், திரைப்படம் பற்றியது விமர்சனம் என்பது பொது வழக்கம். ஊகத்தையும் கருத்தையும் நடந்த உண்மைபோல எழுதக் கூடாது என்பது இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிகளில் ஒன்று. கருத்துப் பக்கத்தில் எழுதுகிறவர்களும் இதை மறக்கக் கூடாது. ‘ஈரப்பதம் 21 சதவீதம்’ என்பது தகவல். ‘இந்த நெல்லைத் திருப்பி அனுப்பியது தவறு’ என்பது கருத்து. வாசகருக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

பொருளைச் சிறிதாக்குங்கள்

‘காவிரிப் பிரச்சினை’ என்று எழுத உட்காராதீர்கள். 2007இல் நடுவர் மன்றம் தந்த இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் கர்நாடகம் தர வேண்டிய நீரை 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றம் குறைத்தது, அதே ஆண்டில் அமைந்த மேலாண்மை ஆணையம் என்று அது ஒரு பெரிய நூலுக்கான பொருள். தொள்ளாயிரம் சொற்களில் அதைத் தொட்டால் எல்லோரும் சொன்னதையே திருப்பிச் சொல்ல நேரும். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்த பிறகு உங்கள் ஊர்க் கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் எந்த நாளில் வந்தது? இதை உங்களைப்போல் வேறு யாரும் எழுத முடியாது.

இந்த விளக்கத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருள், குறுவை நெல்லின் ஈரப்பதம். தளர்வு தராத வரை, 17 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள நெல்லை அரசுக் கொள்முதல் நிலையத்தில் வாங்கமாட்டார்கள்.

போய்ப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் குறுவை அறுவடையும் மழையும் ஒன்றாக வந்து சேரும். அப்போது ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போங்கள். அரை நாள் நில்லுங்கள். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, நெற்குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். மேலே குளிர்ந்திருக்கும் நெல் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். கையை எடுத்தால் புளித்த வாடை வரும். முளைவிட்ட நெல்மணியைக் கையில் வைத்து நீட்டும் விவசாயி அதிகம் பேசமாட்டார். அவர் எத்தனை இரவு அங்கேயே படுத்திருக்கிறார் என்று கேளுங்கள். ஈரப்பதமானியில் எந்த எண் வந்தது, எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். விவசாயியிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். நிலையத்தில் கணக்கெழுதும் பட்டியல் எழுத்தரிடமும் மூட்டை தூக்கும் தொழிலாளர்களிடமும் பேசுங்கள்.

நான் எழுதத் தொடங்கிய காலத்தில் இதைச் செய்யவில்லை. ஒரு நிலையத்தில் எழுத்தர் வேண்டுமென்றே விவசாயிகளைக் காக்கவைக்கிறார் என்று கேள்விப்பட்டதை வைத்தே கட்டுரை எழுதி அனுப்பிவிட்டேன். வெளிவந்த பிறகுதான் அங்கே போனேன். வாங்கிய மூட்டைகளை ஏற்றிச்செல்ல லாரி வராததால் களம் நிரம்பிக் கிடந்தது. புதிதாக எடை போட இடமே இல்லை. குறை இருந்தது உண்மை. ஆனால் நான் கைநீட்டிய ஆள் தவறான ஆள். அந்த எழுத்தரின் முகம் இன்றும் நினைவில் இருக்கிறது.

ஒரே வாக்கியத்தில் உங்கள் தீர்ப்பு

வீடு திரும்பியதும் கட்டுரையைத் தொடங்காதீர்கள். ஒரு துண்டுத் தாளில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். ‘விவசாயிகளின் துயரத்துக்குத் தீர்வு வேண்டும்’ என்பது தீர்ப்பு ஆகாது. அதை மறுக்கும் ஆளே கிடையாது. ‘17 சதவீத ஈரப்பத வரம்பைக் குறுவைக்கு ஒவ்வோர் ஆண்டும் மனுப்போட்டுத் தளர்த்துவதை விட்டுவிட்டு, மழைக்காலக் கொள்முதலுக்கென்று நிலையான விதி வகுக்க வேண்டும்’ என்பது தீர்ப்பு. இதை ஒருவர் மறுத்துப் பேசலாம். மறுக்க இடமிருக்கும் வாக்கியம் கிடைக்கும் வரை தாளை மாற்றிக்கொண்டே இருங்கள்.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு எழுதுங்கள்

பயிற்சி இல்லாதவர்கள் தடுமாறும் இடம் இதுதான். வரம்பு வைத்தவர்களுக்கு மனசாட்சி இல்லை என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அந்த வரம்புக்குக் காரணம் இருக்கிறது. ஈரநெல் கிடங்கில் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும், அரைக்கும்போது நொய்யாகும். எடையும் குறையும். இதை நீங்களே கணக்குப் போட்டுக் காட்டலாம். 21 சதவீத ஈரத்தில் 100 கிலோ நெல் வாங்கினால் அதில் உலர்ந்த பொருள் 79 கிலோ. 17 சதவீதத்துக்குக் காய்ந்த பிறகு அந்த நெல்லின் எடை 95 கிலோவுக்குச் சற்று அதிகமாக இருக்கும். ஏறத்தாழ ஐந்து கிலோவுக்கு யார் பணம் கொடுப்பது? மத்தியத் தொகுப்புக்காக, அதாவது மத்திய அரசின் உணவு இருப்புக்காக, நடக்கும் கொள்முதலில் தளர்வு தர வேண்டியது மத்திய அரசு. குழு வந்து மாதிரி எடுத்துப்போய் ஆணை வரும் வரை நெல் மழையில் கிடக்கிறது.

இப்போது உங்கள் வாதம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உலர்த்தும் இயந்திரத்தை நிலையத்திலேயே வைக்கலாம் என்பீர்களா, ஈரத்துக்கு ஏற்ப விலையில் கழித்துக்கொள்ளலாம் என்பீர்களா? எதுவானாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் செலவையும் ஒப்புக்கொண்டு எழுதுங்கள். எதிர்த்தரப்பில் இருப்பவர் படித்துவிட்டு ‘என் வாதத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்’ என்று சொல்ல வேண்டும். அந்த மரியாதை கிடைத்த பிறகுதான் உங்கள் மறுப்பு அவர் காதில் ஏறும்.

அடுக்கும் முறை

களத்தில் கண்ட காட்சியோடு தொடங்குங்கள். ஐந்தாறு வரி போதும். மூன்றாம் பத்திக்குள் தீர்ப்பு வந்துவிட வேண்டும். அப்புறம் தகவல், எதிர்வாதம், உங்கள் மறுப்பு. முடிவில் கோரிக்கை யாரிடம் என்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘அரசு’ என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் போய்ச் சேராது. ஈரப்பதத் தளர்வு மத்திய உணவுத் துறையின் பொறுப்பு. சாக்கும் லாரியும் கொள்முதல் நிலையங்களை நடத்தும் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் பொறுப்பு.

நடையைப் பற்றி ஒன்று. ‘விவசாயிகள் சொல்லொணாத் துயரத்தில் ஆழ்ந்துள்ளனர்’ என்று ஒருவர் எழுதிவந்தார். சொல்லொணாதது என்றால் எதற்கு எழுத வேண்டும்? நான் கேட்டுக்கொண்டதன் பேரில் மாற்றினார்: ‘நான்கு நாளாகக் குவியலைக் காய வைப்பதும் மழை வந்தால் மூடுவதுமாக இருக்கிறார். ஐந்தாம் நாள் காலையில் நெல் முளைத்திருந்தது.’ துயரம் என்ற சொல்லே இல்லை. படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

விமர்சனத்துக்கு வருவோம்

இந்த மண்ணில் விமர்சனம் எழுதுகிறவருக்கு முன்னோடிக்குக் குறைவில்லை. மயிலாடுதுறைக்கு அருகே புத்தமங்கலத்தில் 1899இல் பிறந்த கல்கி, ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் இசை விமர்சனம் எழுதினார். சங்கீதம் படிக்காத வாசகரும் விமர்சனத்தை விரும்பிப் படிக்கும்படி செய்தவர் அவர்.

எழுதும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தக் கலைஞர் என்ன செய்ய முயன்றார் என்பது. திருவையாற்று ஆராதனையில் பஞ்சரத்தின கீர்த்தனைகள் ஐந்தையும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பாடுவது வழிபாடு. அங்கே தனிக் கச்சேரிக்கான அளவுகோலை நீட்டாதீர்கள். மெலட்டூர் பாகவத மேளாவில் பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்று, தெலுங்கு நாடகத்தை இரவு முழுக்க நடத்துகிறார்கள். இரண்டு மணி நேர மேடை நாடகத்தின் விறுவிறுப்பு அதில் இல்லை என்று குறைசொல்வது விமர்சனமே ஆகாது.

அடுத்தது, ஒரே ஓர் இடத்தைக் கிட்டத்தில் காட்டுவது. ஒரு கோயில் திருவிழாவில் நாகஸ்வரம் கேட்டேன். ‘தேனாய் இனித்தது’, ‘ரசிகர்களைக் கட்டிப்போட்டார்’ என்று எழுதினால் எந்த வித்வானுக்கும் அது பொருந்திவிடும். என் குறிப்பேட்டில் இருந்தது இது: ‘தோடி. சீவாளியை மாற்றினார். காந்தாரத்தில் அவசரமே இல்லாமல் நின்றார், மறுபடி நின்றார். தவில்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறார். கீர்த்தனையில் வேகம் எடுத்தபோது ஒலிபெருக்கி இரைந்து, சுருதி தரும் ஒத்து காணாமல் போனது.’ இந்த நாலைந்து வரியிலேயே பாராட்டும் குறையும் இருக்கின்றன. ஒலிபெருக்கி வைத்தவரின் தவற்றை வித்வான் தலையில் கட்டக் கூடாது என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடுகிறது. விமர்சனத்தை அன்றிரவே எழுதிவிடுங்கள். விடிந்தால் காதில் நின்றது பாதி போய்விடும்.

நூல் மதிப்புரைக்கு நூலை முழுதாக, முடிந்தால் இருமுறை படியுங்கள். முன்னுரையையும் பின்னட்டையையும் படித்துவிட்டு எழுதுவது ஆசிரியருக்கும் வாசகருக்கும் செய்யும் துரோகம். மேற்கோளைப் பக்க எண்ணோடு சரிபாருங்கள். திறனாய்வுக்காக நூலிலிருந்து நியாயமான அளவு எடுத்தாள 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்காக அத்தியாயத்தையே எடுத்துப்போட முடியாது. கதையின் முடிவைச் சொல்லாதீர்கள்.

குறை சொல்லப் பயப்படுகிறவர்களுக்கு: பொதுமக்களின் மதிப்பீட்டுக்கென்று ஒருவர் முன்வைத்த படைப்பைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்து அவதூறு ஆகாது. முந்தைய தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த விதிவிலக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் இருக்கிறது. இந்தப் பாதுகாப்பு படைப்பைப் பற்றிப் பேசுவதற்கு. கலைஞரின் சாதி, குடும்பம், உடல் பக்கம் பேனா போகக் கூடாது.

நம் ஊர்களில் இதைவிடப் பெரிய சிக்கல் உறவு. நூலாசிரியர் உங்கள் வாத்தியாராக இருப்பார், வித்வான் மாமாவுக்கு நண்பராக இருப்பார். அதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள், அல்லது எழுதாமல் விடுங்கள். எழுதப்போகும் விழாவில் பொன்னாடை வாங்கிக்கொள்ளாதீர்கள். வருத்தப்பட்டால் வருத்தப்படட்டும்.

அனுப்பும் முன்

உரக்கப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக்குங்கள். ஒவ்வோர் எண்ணையும் பெயரையும் ஆண்டையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். பத்திரிகை கேட்கும் சொல்லளவைத் தாண்டாதீர்கள். தாண்டினால் அவர்கள் வெட்டுவார்கள், உங்கள் எதிர்வாதப் பத்திதான் முதலில் போகும். காலமும் முக்கியம். அணை திறப்பு பற்றிய கட்டுரை ஜூன் முதல் வாரத்தில் ஆசிரியர் மேசையில் இருக்க வேண்டும். ஜூலையில் அனுப்பினால் யாரும் பிரிக்கமாட்டார்கள். ஒரே கட்டுரையை இரண்டு பத்திரிகைக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள்.

வெளிவந்த நாளில் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அதே கொள்முதல் நிலையத்துக்குப் போங்கள். நீங்கள் பேசிய விவசாயியிடமும் எழுத்தரிடமும் காட்டுங்கள். தவறு ஏதாவது சொன்னால் குறித்துக்கொண்டு அன்றே ஆசிரியருக்குத் திருத்தம் எழுதி அனுப்புங்கள்.