இண்டக்‌ஷன் அடுப்புக்கு எவர்சில்வர் வாங்கப் போகிறீர்களா?

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றைக் கடைக்குக் கொண்டு போங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து, அடிப்பாகத்தின் நடுவில் வையுங்கள். டக்கென்று பிடித்தால் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகும். வழுக்கி விழுந்தால் வேண்டாம்.

சுமார் 18% குரோமியமும் 8% நிக்கலும் கலந்த 304 ரக எவர்சில்வரைக் காந்தம் இழுக்காது. அந்த நிக்கல்தான் காரணம். நிக்கல் கிட்டத்தட்ட இல்லாத 430 ரகத்தில் நன்றாக ஒட்டும். அதனால்தான் சில பாத்திரங்களில் உட்புறம் 304, அடியில் 430 தகடு என்று சேர்த்துச் செய்கிறார்கள். விளிம்பில் வைத்துப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 304-ஐ அழுத்தி வளைத்த இடங்களில் காந்தம் லேசாகப் பிடிக்கும்.

ஆனால் தரம் பார்க்க இந்தச் சோதனை உதவாது. “காந்தம் ஒட்டலை பாருங்க, அசல் 304” என்று கடைக்காரர் சொன்னால் சரி என்று தலையாட்ட வேண்டாம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு கூட்டிய, விலை மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. 202 உப்புக்காற்றில் சீக்கிரம் துருப் பிடிக்கும். கடலோர வீட்டுக்குக் கைப்பிடிக் கம்பி, ஜன்னல் கிரில் வாங்குபவர்கள் ரக எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.