வாலிபால் பழகத் தொடங்குவோருக்கு: ஸ்மாஷுக்கு முன்னால் கற்க வேண்டியவை

வாலிபால் பழக வருபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் முதல் நாளே வலையோரம் நின்று ஸ்மாஷ் அடிக்க ஆசைப்படுகிறார்கள். ஆனால், எதிரணியின் சர்வீஸை ஒழுங்காக வாங்கத் தெரியாத அணிக்கு ஸ்மாஷ் அடிக்கும் வாய்ப்பே வருவதில்லை. ஆகவே இந்தப் பதிவில் பந்தை வாங்கும் முறைக்கும், தொடங்குவோரைப் பெரிதும் குழப்பும் சுழற்சி விதிக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்றவற்றைத் தேவையான அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

களம், வலை, பந்து

ஆடுகளம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உடையது. நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 3 மீட்டர் தள்ளித் தாக்குதல் கோடு போடப்படுகிறது. ஊர்த் திடலில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுபவர்கள், எதிரெதிர் மூலைகளுக்கு இடையே கயிறு பிடித்து அளந்துகொள்வது நல்லது. இரண்டு மூலைவிட்டங்களும் 20 மீட்டர் 12 சென்டிமீட்டராக இருந்தால் களம் கோணலின்றி அமைந்திருக்கிறது என்று பொருள். கோட்டைத் தொட்டு விழும் பந்து உள்ளே விழுந்த பந்தே.

வலையின் மேல்விளிம்பு ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இந்த உயரத்தைக் கம்பத்தின் ஓரத்தில் அல்லாமல் களத்தின் நடுவில் அளக்க வேண்டும். சவுக்குக் கம்பு நட்டு வலை கட்டும் இடங்களில் கம்பங்கள் உள்நோக்கிச் சாய்ந்து நடுப்பகுதி தொய்ந்துபோவது வழக்கம் என்பதால், ஒவ்வொரு கம்பத்துக்கும் பின்னால் முளையடித்து இழுவைக் கயிறு கட்டிவிடுங்கள். பக்கக் கோடுகளுக்கு மேலே வலையின் இரு ஓரங்களும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அந்த உயரம் குறித்த அளவை 2 சென்டிமீட்டருக்கு மேல் தாண்டக் கூடாது.

பந்தைப் பொறுத்தவரை, கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கடினமான ரப்பர் பந்தை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. முன்கையில் வலி கண்டவர் பந்து வரும்போது கையை இழுத்துக்கொள்ளப் பழகிவிடுவார். அந்தப் பழக்கத்தை மாற்றுவது எளிதன்று. சர்வதேசப் போட்டிகளில் பயன்படும் மிகாசா வி200டபிள்யூ தொடங்குவோருக்குத் தேவையில்லை; மேலுறை மென்மையாக உள்ள நடுத்தர விலைப் பந்தே போதும். சைக்கிள் பம்பால் காற்றடிக்கும்போது பந்து கல்லாகிவிடாமல் கவனியுங்கள்: விதிப்படி இருக்க வேண்டிய அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ மட்டுமே. கட்டைவிரலால் அழுத்தினால் மேற்பரப்பு சற்றே உள்வாங்க வேண்டும். ஊசியை நீரில் நனைத்துச் செருகினால் வால்வு கிழியாது.

புள்ளிக் கணக்கும் மூன்று தொடுகைகளும்

அணிக்கு ஆறு பேர். வலையைத் தாண்டி வந்த பந்தை ஓர் அணி அதிகபட்சம் மூன்று முறை தொட்டுத் திருப்பி அனுப்பலாம். ஒருவரே அடுத்தடுத்து இருமுறை தொடக் கூடாது. எதிரணி அடிக்கும் பந்தை வலையோரம் கைகளை உயர்த்தித் தடுப்பதே பிளாக்; அதைச் செய்யும்போது கையில் பட்டது இந்த மூன்றில் சேராது. பிளாக் செய்தவரே அடுத்த தொடுகையையும் எடுக்கலாம். யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு ஆட்டச் சுற்றுக்கும் ஒரு புள்ளி உண்டு. சர்வீஸ் போட்ட அணிக்கு மட்டுமே புள்ளி என்ற பழைய முறையில் ஆடிய மூத்தவர்கள் இன்னும் பல திடல்களில் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலேயே புதிய முறை வந்துவிட்டது என்பதை அவர்களிடம் பணிவாகச் சொல்லலாம். முதல் நான்கு செட்களுக்கு 25 புள்ளிகள், ஐந்தாவதற்கு 15. எதிலும் இரண்டு புள்ளி முன்னிலை இருந்தால்தான் வெற்றி.

சர்வீஸ்

கடைக்கோட்டுக்குப் பின்னால் நின்று, நடுவரின் விசில் ஒலித்த 8 வினாடிகளுக்குள் அடிக்க வேண்டும். அடிக்கும் கணத்தில் கால் கோட்டை மிதிக்கக் கூடாது. குதித்து அடித்துவிட்டுக் களத்துக்குள் இறங்கலாம். பந்து வலையை உரசிக்கொண்டு அப்பால் விழுந்தால் ஆட்டம் தொடரும்.

முதலில் கீழ்க்கை சர்வீஸையே பழகுங்கள். வலக்கைக்காரர் இடக்காலை முன்வைத்து, இடக்கையில் பந்தை இடுப்பளவில் பிடித்து, அதைச் சற்றே விடுவித்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடிக்க வேண்டும். பத்துக்கு எட்டு களத்துக்குள் விழத் தொடங்கிய பிறகு மேல்க்கை சர்வீஸுக்குப் போகலாம். அதில் பிழைகளுக்குக் காரணம் பெரும்பாலும் அடி அல்ல, பந்தைத் தூக்கிப் போடும் விதம்தான். பந்து தலைக்குப் பின்னால் போனால் அடி வானத்துக்குப் போகும். அடிக்கும் தோளுக்கு நேர் முன்னால், கை நீட்டினால் எட்டும் உயரத்துக்கே போட வேண்டும்.

அண்டர்ஹேண்ட் பாஸ்

இங்கே பொறுமை வேண்டும். கால்களைத் தோளகலத்துக்குச் சற்று மேலாக விரித்து, ஒரு காலைச் சிறிது முன்வைத்து, முழங்காலை மடக்கி, உடலின் எடை முன்பாதத்தில் இருக்குமாறு நில்லுங்கள். ஒரு கையின் விரல்களை மற்றதன் விரல்கள் மீது குறுக்காக வைத்து, இரு கட்டைவிரல்களும் பக்கத்தில் பக்கமாக நீண்டிருக்கும்படி சேர்த்துக்கொள்ளுங்கள். விரல்களைப் பின்னிக்கொள்ள வேண்டாம். பந்து பட்டால் காயம் ஏற்படலாம். பிறகு மணிக்கட்டுகளைத் தரையை நோக்கி அழுத்துங்கள். அப்போது முழங்கைகள் தாமாகவே நீண்டு, முன்கைகளின் உட்புறம் தட்டையான ஒரு பலகையாக மேல்நோக்கித் திரும்பும். பந்து பட வேண்டிய இடம் அந்தப் பலகையில், மணிக்கட்டுக்கு மேல் இரண்டு மூன்று விரற்கடை தள்ளி இருக்கிறது. கட்டைவிரலில் பட்டால் பந்து எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பெரும்பாலோர் தடுமாறுவது இதற்கு அடுத்த கணத்தில்தான். பந்து அருகில் வந்ததும் கையை மேல்நோக்கி வீசிவிடுகிறார்கள். பந்து தலைக்குப் பின்னால் பறந்துவிடுகிறது. வேகமாக வரும் சர்வீஸில் தேவையான விசை ஏற்கெனவே இருப்பதால், பலகையை அசையாமல் காட்டினால் மட்டுமே போதும். மெதுவாக வரும் பந்துக்கு விசை வேண்டுமானால் அது கையிலிருந்து அல்லாமல் முழங்கால் நிமிர்வதிலிருந்து வர வேண்டும். பாஸ் முடிந்த பிறகும் கைகள் தோளுயரத்தைத் தாண்டியிருக்கக் கூடாது.

இதைத் திருத்த நான் பரிந்துரைக்கும் பயிற்சி, நாற்காலியின் விளிம்பில் அமர்ந்துகொண்டு செய்வது. எதிரே 3 மீட்டர் தூரத்தில் ஒருவர் நின்று பந்தை மென்மையாகப் போட, நீங்கள் கையை வீசாமல் நாற்காலியிலிருந்து எழுந்தபடியே அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். விசை காலிலிருந்து வருவது என்றால் என்ன என்பதை உடல் இதில் விரைவாக உணர்ந்துகொள்கிறது. துணைக்கு ஆள் இல்லாதவர்கள் சுவரில் தட்டிப் பழகலாம். ஆனால் சுவர் எப்போதும் நேரான பந்தையே தருவதால் கால் நகர்த்தும் பழக்கம் அதில் வராது.

திசையைத் தீர்மானிப்பதும் பலகையின் சாய்வுதான். பந்து இடப்பக்கம் வந்தால், வலத்தோளைச் சற்றுத் தாழ்த்திப் பலகையின் முகத்தைச் செட்டர் (ஸ்மாஷுக்குப் பந்தைத் தூக்கித் தருபவர்) நிற்கும் இடத்துக்குத் திருப்புங்கள். பந்து சென்று சேர வேண்டியது வலைக்கு ஒரு மீட்டர் முன்னால், களத்தின் நடுவுக்குச் சற்று வலப்புறம். இருவருக்கு இடையே வரும் பந்துக்கு "மை பால்" என்று உரக்கச் சொல்லிவிட்டு எடுங்கள்.

ஃபிங்கர் பாஸ்

நெற்றிக்கு மேலே இரு கைகளாலும் ஒரு முக்கோணச் சாளரம் அமைத்து, அதன் வழியே பந்தைப் பார்த்தபடி பத்து விரல்களாலும் ஒரே நேரத்தில் தள்ள வேண்டும். பந்து உள்ளங்கையில் தங்கினால் பிடித்ததாகவும், ஒரு கை முந்திக்கொண்டால் இரட்டைத் தொடுகையாகவும் நடுவர் விசில் கொடுப்பார். அணியின் முதல் தொடுகையில் மட்டும், ஒரே முயற்சியில் நேரும் இரட்டைத் தொடுகை பிழையாகாது.

சுழற்சி

சர்வீஸ் போடும் இடமான வலப்புறப் பின்மூலை 1. அதற்கு நேர் முன்னால் 2. வலையோரம் நடுவில் 3, இடப்புறம் 4. இடப்புறப் பின்மூலை 5. பின்வரிசை நடுவில் 6. எதிரணியின் சர்வீஸில் புள்ளி எடுத்து, சர்வீஸ் உரிமை நமக்கு வரும்போது மட்டுமே அனைவரும் கடிகார முள் திசையில் ஓரிடம் நகர வேண்டும். 2இல் இருந்தவர் 1க்கு வந்து சர்வீஸ் போடுவார். நம் சர்வீஸிலேயே புள்ளி வந்தால் யாரும் நகர்வதில்லை.

சர்வீஸை எதிர்கொள்ளும் அணி இந்த வரிசையைக் குலைக்காமல் நிற்க வேண்டும் என்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. உங்கள் இடத்தை அடுத்துள்ளவருடன் மட்டுமே ஒப்பிட வேண்டும். 6இல் இருப்பவர் 3இல் இருப்பவருக்குப் பின்னாலும், 5க்கும் 1க்கும் இடையிலும் இருந்தால் போதும். 2ஐயோ 4ஐயோ அவர் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆகவே 1இல் உள்ள செட்டர், 2இல் இருப்பவரின் முதுகுக்குப் பின்னால் வலைக்கு மிக அருகிலேயே ஒளிந்து நிற்கலாம். சர்வீஸ் அடிக்கப்பட்டதும் முன்னே ஓடலாம். கணக்கில் எடுக்கப்படுவது தரையில் ஊன்றிய பாதம்தான். ஆறு புளியங்கொட்டைகளைத் தரையில் வைத்து ஒவ்வொரு சுழற்சியாக நகர்த்திப் பார்த்தால், அரை மணி நேரத்தில் இது பிடிபட்டுவிடும்.

பின்வரிசையினர் தாக்குதல் கோட்டுக்கு முன்னால் நின்று, வலைக்கு மேலே உள்ள பந்தை எதிர்க்களத்துக்கு அடிக்கக் கூடாது. கோட்டுக்குப் பின்னாலிருந்து குதித்து அடித்துவிட்டு முன்னால் இறங்கலாம்.

ஸ்மாஷும் பிளாக்கும்

வலக்கைக்காரரின் ஓட்டம் இடம், வலம், இடம் என மூன்று அடிகள். கடைசி இரண்டும் விரைவாக விழ வேண்டும். வலையின்றி இந்தக் காலடியை மட்டும் பழகிவிட்டுப் பிறகு பந்தைத் தொடுங்கள். பிளாக்குக்குக் கைகளை வலைக்கு மேலே நீட்டலாம். ஆனால் சர்வீஸைப் பிளாக் செய்ய அனுமதியில்லை.

பின்சேர்க்கை

வாசகர்கள் இருவர், தொலைக்காட்சியில் செட் 15 புள்ளியில் முடிகிறதே என்று கேட்டிருந்தார்கள். 2022இல் தொடங்கிய பிரைம் வாலிபால் லீக் தனக்கென வைத்துக்கொண்ட விதி அது. பள்ளி, மாவட்டப் போட்டிகளுக்குச் செல்பவர்கள் 25ஐயே நினைவில் கொள்ளுங்கள். வேறு நிறச் சட்டையில் ஆடும் லிபரோவைப் பற்றியும் கேள்வி வந்தது. அவர் பின்வரிசையில் பந்து வாங்குவதற்கென்றே உள்ளவர். பிளாக் செய்யவோ, வலைக்கு மேலே உள்ள பந்தை அடித்து அனுப்பவோ அவருக்கு உரிமையில்லை. தாக்குதல் கோட்டுக்கு முன்னால் நின்று அவர் ஃபிங்கர் பாஸில் தூக்கிய பந்தை மற்றவரும் வலைக்கு மேலே வைத்து ஸ்மாஷ் அடிக்க முடியாது. அதே பந்தை அண்டர்ஹேண்டில் கொடுத்தால் அடிக்கலாம்.